சொல்லும் பொருளும் ஒட்ட வேண்டுமானால்: முதல் 2 வயதில் குழந்தையிடம் பேசும் முறை

பேசத் தொடங்காத குழந்தைக்குப் பொருட்களின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான்: தாங்கள் எதைப் பார்க்கிறார்களோ அதன் பெயரைச் சொல்கிறார்கள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்ல வேண்டும். கீழே வரும் படிகளும் அளவுகளும் பெரும்பாலும் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன.

குழந்தைக்கு முன்னால் மூன்று வேலைகள் இருக்கின்றன. இடைவெளி இல்லாமல் ஓடும் பேச்சிலிருந்து ஒரு சொல்லைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். கண்முன் கிடக்கும் அத்தனை விஷயங்களில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று பிடிக்க வேண்டும். பிறகு, வேறு நிறத்திலும் அளவிலும் இருக்கும் அதே வகைப் பொருளுக்கும் அந்தச் சொல் பொருந்தும் என்று விரித்துக்கொள்ள வேண்டும். முதல் வேலையைக் குழந்தை பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும். நம் உதவி உடனே பலிப்பது இரண்டாவதில். மூன்றாவது மாதக்கணக்கில் மெல்ல நடப்பது.

எந்த வயதில் தொடங்குவது

வாயைத் திறந்து முதல் சொல்லைச் சொல்லும் வரை காத்திருந்தால் பாதிக் காலம் போய்விடும். சுமார் 4½ மாதத்திலேயே குழந்தை தன் பெயரின் ஒலியை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்தறிகிறது. 6 மாதத்தில் 'அம்மா', 'அப்பா' என்ற சொற்களைக் கேட்டதும் திரையில் தெரியும் தன் அம்மாவையோ அப்பாவையோ பார்க்கிறது. எலிகா பெர்கல்சனும் டேனியல் ஸ்விங்லியும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 9 மாதக் குழந்தைகள் உடல் உறுப்புகள், உணவுப் பொருட்கள் சிலவற்றின் பெயரைக் கேட்டு சரியான படத்தின் பக்கம் கண்ணைத் திருப்பின. ஒரு சொல்கூடப் பேசாத குழந்தைகள் அவை. புரிதல் முன்னால் போகிறது, பேச்சு பல மாதம் பின்னால் வருகிறது.

பேச்சை வெட்டிச் சொல்லைப் பிரிக்கும் திறனும் அப்படித்தான். 1996-ல் ஜென்னி சாஃப்ரனும் உடன் பணியாற்றியவர்களும் 8 மாதக் குழந்தைகளுக்கு இடைவெளியோ ஏற்ற இறக்கமோ இல்லாத அசைகளின் ஓட்டத்தை 2 நிமிடம் மட்டும் கேட்கவைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை எப்போதும் வருகிறது, எது எப்போதாவதுதான் வருகிறது என்ற கணக்கை வைத்தே குழந்தைகள் 'சொற்களை'ப் பிரித்துவிட்டன. யாரும் சொல்லித்தராமல் நடக்கும் வேலை இது. ஆனால் கணக்குப் போடப் பேச்சு வேண்டும். அதுவும் குழந்தையை நோக்கிப் பேசும் பேச்சு.

ஆகவே 5, 6 மாதத்தில் தொடங்குங்கள். உங்களுக்கு எந்த மொழி சரளமோ அந்த மொழியில் பேசுங்கள். முதல் வயது முடிவதற்குள் குழந்தையின் காது, சுற்றிலும் கேட்கும் மொழியின் ஒலி வேறுபாடுகளுக்கு ஏற்பத் தன்னைத் தீட்டிக்கொள்கிறது. 1984-ல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் காட்டியது இது: ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் இந்தியின் 'த', 'ட' ஒலிகளை 6–8 மாதத்தில் பிரித்துக் கேட்டன, 10–12 மாதத்தில் அந்தக் கூர்மை மங்கிவிட்டது. நாளும் காதில் விழும் வேறுபாடுகள் அப்படி மங்குவதில்லை. ல, ள, ழ மூன்றையும் குழந்தை பிரித்துக் கேட்க வேண்டுமென்றால், அவற்றைப் பிரித்துச் சொல்லும் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

பெயர் சொல்லும் நொடி

முதலில் இடம். குழந்தையின் முகமும் உங்கள் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தரையில் எதிரெதிரே உட்காரலாம், அல்லது பக்கவாட்டில் சற்றுத் திரும்பி. பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டால் குழந்தையின் கண் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கண் எங்கே என்று அதற்கும் தெரியாது. கை எட்டும் தூரத்தில் இரண்டு அல்லது மூன்று பொருட்களுக்கு மேல் வேண்டாம். கூடை நிறையப் பொம்மையைக் கொட்டினால் பார்வை எதிலும் நிலைக்காது.

பிறகு காத்திருங்கள். இதுதான் பெரியவர்களுக்குக் கடினமான படி. குழந்தை ஒன்றை எடுக்கும், போடும், வேறொன்றை எடுக்கும். ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்து முகத்துக்கு நேரே கொண்டுவந்து திருப்பிப் பார்க்கும்போதுதான் உங்கள் நேரம் வருகிறது. சென் யூவும் லிண்டா ஸ்மித்தும் குழந்தைகளின் நெற்றியில் சின்னக் கேமரா கட்டிப் பார்த்தார்கள். குழந்தை ஒரு பொருளைத் தானே பிடித்திருக்கும்போது, அந்தப் பொருள் அதன் பார்வை முழுவதையும் அடைத்துக்கொண்டு பெரிதாகத் தெரிகிறது, மற்றதெல்லாம் ஒதுங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் சொல்லப்பட்ட பெயர்கள்தான் நன்றாகப் பதிந்தன. பெரியவர் தூரத்தில் நின்று தூக்கிக் காட்டும் பொருள், குழந்தையின் பார்வையில் பலவற்றில் ஒன்றாகச் சின்னதாகத்தான் இருக்கும்.

10 மாதக் குழந்தை ஒன்று ஸ்பூனை எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாய்க்குக் கொண்டுபோகிறது. நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள். வாயிலிருந்து எடுத்துத் திருப்பி, அதன் குழியைப் பார்க்கிறது. இப்போது: "ஸ்பூன்." ஒரு மூச்சு விடும் நேரம் இடைவெளி. "உன் கையில ஸ்பூன்." குழந்தை ஸ்பூனைத் தரையில் போட்டுவிட்டுக் குனிந்து பார்க்கிறது. "விழுந்துடுச்சு ஸ்பூன்." நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறது. "ஸ்பூன் வேணுமா?" எடுத்துக் கையில் கொடுக்கிறீர்கள். "இந்தா ஸ்பூன்." அரை நிமிடத்துக்குள் 5 தடவை அந்தச் சொல் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அது ஸ்பூனின் மேலேயே விழுந்தது. அடுத்த நொடி குழந்தை விளக்கைப் பார்க்கத் திரும்பினால் ஸ்பூனை விட்டுவிடுங்கள். "இங்க பாரு ஸ்பூனை" என்று இழுக்காதீர்கள். விளக்கின் பெயரைச் சொல்லுங்கள், அல்லது சும்மா இருங்கள்.

இழுப்பதில் என்ன கெடுதல்? மைக்கேல் டொமசெல்லோவும் மைக்கேல் ஜெஃப்ரி ஃபாராரும் 1986-ல் இதைச் சோதித்தார்கள். ஒன்றரை வயதை ஒட்டிய குழந்தைகளிடம், குழந்தை ஏற்கெனவே கவனிக்கும் பொருளுக்குப் பெயர் சொன்னபோது அந்தப் பெயர் நன்றாகப் பதிந்தது. வேறெங்கோ இருந்த கவனத்தைத் திருப்பிப் பெயர் சொன்னபோது அந்த அளவுக்குப் பதியவில்லை. கவனத்தைத் திருப்புவதே குழந்தைக்கு ஒரு வேலை. அந்த வேலை முடிவதற்குள் சொல் போய்விடுகிறது.

ஒன்றரை வயதுக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறுகிறது. சுமார் 18 மாதத்தில் குழந்தை, பெயரைக் கேட்டதும் பேசுகிறவரின் கண் எங்கே இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்து, தன் கையில் இருப்பதற்கல்ல, அவர் பார்ப்பதற்கே அந்தப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது நீங்கள் காட்டும் பொருளும் பயன்படும். ஆனால் அதற்கு நீங்கள் உண்மையிலேயே அந்தப் பொருளைப் பார்த்தபடி பெயர் சொல்ல வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டே "ஆமா, அது பந்துதான்" என்றால் குழந்தைக்குக் கிடைக்கும் துப்பு போன்தான்.

வாக்கியத்தை அமைப்பது

தமிழில் நாம் பேசும் வழக்கத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "எடுத்துக்கோ", "கீழ வை", "குடிச்சிடு", "போடாத." ஒரு பொருளை வைத்துப் பத்து வாக்கியம் பேசியிருப்போம், அதன் பெயர் ஒரு முறைகூட வந்திருக்காது. பெரியவர்களுக்குள் இது இயல்பு, எதைப் பற்றிய பேச்சு என்று இருவருக்கும் தெரியும். குழந்தைக்கு அந்தப் பெயரையே இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே "எடுத்துக்கோ" என்பதோடு நிறுத்தாமல் "எடுத்துக்கோ பந்து" என்று பெயரையும் வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள்.

அடுத்தது வேற்றுமை உருபுகள். 'மரம்' என்ற சொல் 'மரத்த', 'மரத்துல', 'மரத்துக்கு' என்று உருமாறும். 'வீடு' 'வீட்டுல' ஆகும். புதிய சொல்லை முதல் சில நாட்கள் உருபு ஒட்டாத வடிவிலேயே அதிகம் கேட்கவையுங்கள்: "இதோ மரம்", "எங்க மரம்?", "மரம்!" பழகிய பிறகு உருபோடு தாராளமாக வரட்டும், அதையும் குழந்தை கேட்டுத்தான் ஆக வேண்டும். சொல் வாக்கியத்தின் ஓரத்தில் நிற்பதும் முக்கியம். நடுவில் புதைந்த சொல்லைவிட, முடிவில் நின்று பின்னால் சின்ன மௌனம் வரும் சொல்லைப் பிரித்தெடுப்பது எளிது. வினை கடைசியில் வரும் மொழி என்றாலும், பேச்சுத் தமிழில் "வந்துச்சு பாரு பூனை", "எங்க போச்சு செருப்பு?" என்று பெயரைக் கடைசிக்குத் தள்ள நமக்கு நன்றாகவே வரும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சொல்லைத் தனியாக, ஒற்றைச் சொல் வாக்கியமாகச் சொல்வதும் வேண்டும். தாய்மார்கள் குழந்தையிடம் வீட்டில் பேசுவதைப் பதிவுசெய்து ஆராய்ந்த மைக்கேல் பிரென்டும் ஜெஃப்ரி சிஸ்கைண்டும், பேச்சில் சுமார் 9 சதவீதம் இப்படி ஒற்றைச் சொல்லாக வருவதையும், ஒரு சொல் எத்தனை முறை தனியாக வந்தது என்பது பின்னால் குழந்தை அதைப் பேசுவதோடு தொடர்புடையதையும் 2001-ல் காட்டினார்கள். எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லாக்கிவிட வேண்டாம். மூன்று, நான்கு வாக்கியத்துக்கு ஒன்று போதும்.

குரலை உயர்த்தி, நீட்டி, கொஞ்சிப் பேசுவது தப்பு என்று சிலர் கண்டிப்பார்கள். கண்டிக்கத் தேவையில்லை. ஏற்ற இறக்கத்தோடும் நீண்ட உயிரொலிகளோடும் வரும் பேச்சைக் குழந்தை விரும்பிக் கேட்கிறது. சொல்லின் எல்லையும் அதில் தெளிவாகத் தெரிகிறது. நாயை 'லொள் லொள்' என்றும் தூக்கத்தை 'ஜோஜோ' என்றும் சொல்வதும் கெடுதல் இல்லை. இரட்டித்து வரும் ஒலிகள் குழந்தைக்கு எளிதில் பிடிபடும். பக்கத்திலேயே வழக்கமான சொல்லும் வரட்டும்: "லொள் லொள் நாய் வந்துடுச்சு." தவிர்க்க வேண்டியது வேறு: குழந்தையின் மழலைத் திரிபை நாமே திருப்பிச் சொல்வது. குழந்தை 'பூனை'யை 'ஊனை' என்றால் நீங்கள் 'பூனை' என்றே சொல்லுங்கள், திருத்தும் தொனி இல்லாமல்.

எந்தச் சொற்களில் தொடங்குவது

ஒரே நேரத்தில் 8 முதல் 10 சொற்களைக் குறிவைத்தால் போதும். மற்றப் பேச்சு வழக்கம்போல ஓடட்டும். குழந்தை தொடக்கூடியவை, நகரக்கூடியவை, தினமும் வருபவை முதலில்: பந்து, செருப்பு, தண்ணி, விளக்கு, மூக்கு, கால், வீட்டு ஆட்களின் உறவுப் பெயர்கள்.

சொல் வரும் இடமும் நேரமும் ஒழுங்காக இருந்தால் பிடிப்பது இன்னும் எளிது. டெப் ராய் என்ற ஆய்வாளர் தன் வீட்டில் கேமராக்களும் மைக்குகளும் பொருத்தி, தன் மகனின் முதல் 3 ஆண்டுகளைப் பதிவுசெய்தார். அந்தப் பதிவுகளை அலசி 2015-ல் வெளியான ஆய்வின்படி, எந்தச் சொல் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட பேச்சுச் சூழலில் தனித்து வந்ததோ அதைக் குழந்தை முன்னதாகப் பேசியது. எத்தனை முறை சொன்னார்கள் என்பதைவிட இந்தத் தனித்தன்மை நன்றாகக் கணித்தது. அதனால் தனியாகப் 'பாட நேரம்' ஒதுக்குவதைவிட, குளிப்பாட்டும்போது 'தண்ணி', 'சோப்பு', 'துண்டு'. உடை மாற்றும்போது 'கை', 'கால்', 'சட்டை'. வெளியே கிளம்பும்போது 'செருப்பு', 'கதவு' என்று அந்தந்த வேலையோடு கட்டிவிடுங்கள். அதே வரிசையில், அதே வாக்கியங்களோடு. அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கும்போது, அதன் கவனம் சொல்லுக்கு மிச்சமாகிறது.

வினைச்சொற்களுக்கு நேரம் வேறு. பொருள் அங்கேயே இருக்கும், செயல் நொடியில் முடிந்துவிடும். 'தள்ளு' என்பதைத் தள்ளும்போதோ தள்ளி முடித்த பிறகோ சொல்வதைவிட, தள்ளுவதற்குச் சற்று முன்னால் சொல்லுங்கள்: "தள்ளப் போறோம்... தள்ளு!" பிறகு தள்ளுங்கள். டொமசெல்லோவும் ஆன் க்ரூகரும் 2 வயதுக் குழந்தைகளிடம் 1992-ல் கண்டது இது. நடக்கவிருக்கும் செயலுக்கு முன்னால் வந்த வினைச்சொல் நன்றாகப் பதிந்தது. 'தா', 'வா', 'எடு', 'ஊது', 'மூடு' இந்த முறைக்கு ஏற்றவை. நிறங்களையும் எண்களையும் 2 வயதுக்குள் வலிந்து கொண்டுவர வேண்டாம். 'சிவப்பு' என்பதைத் தனியே பிடித்துக் காட்ட முடியாது. குழந்தை அதைப் பொருளின் பெயராகவே எடுத்துக்கொள்ளப் பார்க்கும்.

ஒலியில் மிக நெருங்கிய இரண்டு புதிய சொற்களை ஒரே வாரத்தில் சேர்க்காதீர்கள். 14 மாதக் குழந்தை இரண்டு நெருங்கிய ஒலிகளைக் காதால் பிரித்தறிந்தாலும், அவற்றை இரண்டு புதிய பொருட்களுக்குப் பெயராக வைக்கும்போது தடுமாறுகிறது என்பது வெர்க்கரின் குழு காட்டியது. 'பல்' பழகிய பிறகு 'பால்', அல்லது அதற்கு மாறாக.

விரித்துக்கொள்ளவும் மறக்காமல் இருக்கவும்

ஒரே சிவப்புக் கோப்பையை மட்டும் காட்டி 'கோப்பை' என்றால், அது அந்த ஒரு பொருளின் சொந்தப் பெயராகவே நின்றுவிடலாம். 12 மாதத்துக்கு மேல் ஒரே வகையில் மூன்று பொருட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ஒன்று உலோகம், ஒன்று பிளாஸ்டிக், ஒன்று கைப்பிடி உள்ளது. மூன்றுக்கும் அதே சொல்லைச் சொல்லுங்கள். 2 வயதை நெருங்கும் குழந்தை, புதிய பெயரைக் கேட்டால் நிறத்தையோ அளவையோ பார்க்காமல் வடிவத்தைப் பார்த்தே பிற பொருட்களுக்கு விரிக்கத் தொடங்கும். ஒரே பெயருக்குள் நிறமும் அளவும் மாறி வடிவம் மட்டும் நிலைத்திருப்பதைப் பலமுறை பார்த்ததில் வரும் பழக்கம் அது.

நாலுகால் பிராணி எதைப் பார்த்தாலும் 'நாய்' என்பது இந்தக் கட்டத்தில் சகஜம். "இல்ல, தப்பு" என்று நிறுத்த வேண்டாம். "மாடு. பாரு, கொம்பு இருக்கு. மாடு" என்று வேறுபடுத்தும் உறுப்பைத் தொட்டோ சுட்டியோ சொல்லுங்கள். பல சமயம் அந்தக் குழந்தைக்கு வேறுபாடு தெரிந்தே இருக்கும், 'மாடு எங்க?' என்று கேட்டால் சரியாகப் பார்க்கும். வாய்க்கு வரும் சொல் ஒன்றுதான் என்பதால் அதைப் பயன்படுத்துகிறது.

மறதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தெரிந்த இரண்டு பொருட்களுக்கு நடுவில் தெரியாத ஒன்றை வைத்துப் புதிய பெயரைச் சொன்னால், 2 வயதுக் குழந்தை உடனே அந்தத் தெரியாத பொருளை எடுத்துத் தரும். பார்க்கிறவர்களுக்குப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் ஜெசிகா ஹோர்ஸ்ட்டும் லாரிசா சாமுவேல்சனும் 2008-ல் 24 மாதக் குழந்தைகளிடம் பார்த்தபோது, 5 நிமிட இடைவெளிக்குப் பிறகு அந்தப் பெயர் நிற்கவில்லை. சரியாக எடுத்துக் கொடுத்த பிறகு பெரியவர் அந்தப் பொருளைத் தூக்கிக் காட்டி மறுபடி பெயர் சொன்னபோதுதான் நின்றது. எனவே குழந்தை சரியாக எடுத்ததும் கைதட்டி அடுத்ததற்குத் தாவாதீர்கள். அந்த இடத்தில் நின்று, பெயரை இன்னும் இரண்டு தடவை சொல்லுங்கள். சில நிமிடம் கழித்து ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை. ஒரே மூச்சில் 20 தடவை சொல்வதைவிட இப்படிப் பிரித்துச் சொல்வது பயன் தரும்.

புதிய சொற்களைத் தூக்கத்துக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்வதும் நல்லது. 9 முதல் 16 மாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், கற்ற பின் பகலில் தூங்கிய குழந்தைகளே அந்தச் சொல்லை அதே வகையின் புதிய பொருளுக்கும் விரித்துக்கொண்டன. விழித்தே இருந்தவை அப்படிச் செய்யவில்லை. களைத்துச் சிணுங்கும் நேரத்தை இதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் வருவதற்கு அரை மணி முன்பு, உற்சாகம் மிச்சமிருக்கும்போது.

மழலைக்கும் சுட்டலுக்கும் பதில்

9 மாதம் முதல் ஒரு வயதுக்குள் குழந்தை ஆள்காட்டி விரலால் சுட்டத் தொடங்கும். சுட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். இதைவிடத் தெளிவான கேள்வி இல்லை. எந்த வேலையில் இருந்தாலும் இதற்கு இரண்டு, மூன்று நொடிக்குள் பதில் சொல்லுங்கள்: பொருளைப் பாருங்கள், பெயரைச் சொல்லுங்கள். குழந்தை முதலில் சுட்டிக் காட்டும் பொருட்களின் பெயர்களே சில வாரம், சில மாதம் கழித்து அதன் வாயில் சொற்களாக வருவதை ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 2005-ல் பதிவுசெய்திருக்கிறார்கள்.

மழலைக்கும் அதே மாதிரிதான். 'பபப' என்ற ஒலி வந்ததும் பதில் சொல்லுங்கள். குழந்தை கையில் வைத்திருக்கும் பொருளின் பெயரையே பதிலாகச் சொன்னால் இன்னும் நல்லது. அதே அளவு பேச்சு, ஆனால் மழலையோடு சம்பந்தமில்லாத நேரத்தில் வந்தால் பலன் குறைந்துபோகிறது. மைக்கேல் கோல்ட்ஸ்டீனும் ஜெனிஃபர் ஷ்வேடும் 9½ மாதக் குழந்தைகளிடம் இதை நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள்: உடனுக்குடன் பதில் பெற்ற குழந்தைகள், கேட்ட பேச்சின் ஒலி அமைப்பைத் தங்கள் மழலையில் கொண்டுவந்தன, மற்றவை கொண்டுவரவில்லை.

திரை ஏன் இந்த வேலையைச் செய்வதில்லை என்பதற்கும் இதுதான் முக்கியக் காரணம். பட்ரிசியா கூலின் குழு 2003-ல் ஆங்கிலம் பேசும் வீட்டு 9 மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியை 12 அமர்வுகள் கேட்கவைத்தது. ஆள் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைக் கற்றன. அதே ஆட்கள், அதே பொருட்கள், அதே பேச்சு வீடியோவில் வந்தபோது ஒன்றும் கற்கவில்லை. திரையில் இருப்பவருக்குக் குழந்தையின் கண் எங்கே இருக்கிறது என்று தெரியாது. வீடியோ அழைப்பு வேறு. அங்கே இருப்பவர் பதில் சொல்கிறார். 2 வயதை எட்டிய குழந்தைகள் அப்படிப்பட்ட அழைப்பில் புதிய வினைச்சொற்களைக் கற்றிருக்கின்றன. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் திரை நேரமே வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த அறிவுரை. பின்னணியில் ஓடும் டிவியையும் அணைத்துவிடுங்கள். குழந்தை பார்க்காவிட்டாலும், பேச்சின் மேல் பேச்சு விழும்போது சொல்லைப் பிரிப்பது அதற்கு நம்மைவிடப் பல மடங்கு கடினம்.

புரிந்ததா என்று பார்ப்பது

"என்ன இது? சொல்லு, சொல்லு" என்று கேட்பது சோதனையே அல்ல, பேச்சு வராத குழந்தைக்கு அது வெறும் நெருக்கடி. புரிதலைக் கண்ணில்தான் பார்க்க வேண்டும்.

1. குழந்தைக்கு ஓரளவு சமமாகப் பிடித்த இரண்டு பொருட்களை, சுமார் 40 செ.மீ. இடைவெளியில், இரண்டுமே எட்டும்படி வையுங்கள்.
2. நீங்கள் பொருட்களைப் பார்க்கவே கூடாது. குழந்தையின் நெற்றியைப் பாருங்கள். ஆய்வுக்கூடங்களில் பெற்றோரின் கண்ணை மறைத்துவிடுவதே இதற்காகத்தான். நம் கண் நமக்குத் தெரியாமலே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.
3. "எங்க பந்து?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு 3 நொடி பொறுங்கள். முதலில் எங்கே பார்க்கிறது, எதில் அதிக நேரம் தங்குகிறது என்று கவனியுங்கள்.
4. இடத்தை மாற்றி, அடுத்த பொருளைக் கேளுங்கள். 2, 3 நாளில் மொத்தம் 8 தடவை, ஒவ்வொரு சொல்லுக்கும் 4.

8-ல் 4 சரியாக வருவது குருட்டாம்போக்கிலும் நடக்கும். 7 அல்லது 8 வந்தால் புரிதல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எந்தச் சொல் கேட்டாலும் ஒரே பொருளைப் பார்த்தால், அது பிடித்த பொருள், ஜோடியை மாற்றுங்கள். மாதம் ஒரு முறைக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம், குழந்தைக்குச் சலித்துவிடும்.

இரண்டு மொழி வீடு

குழப்பம் வரும் என்று ஒரு மொழியை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு பெரியவரும் தனக்கு இயல்பான மொழியில் பேசட்டும். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரிந்து வீண் கவலை வரும்.

எப்போது பரிசோதனைக்குப் போவது

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடிப்படை காது. பிறந்த 1 மாதத்துக்குள் கேட்கும் திறன் பரிசோதனை, சந்தேகம் இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதிசெய்தல், குறை இருந்தால் 6 மாதத்துக்குள் சிகிச்சையோ பயிற்சியோ தொடங்குதல் என்பதே மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல். பிறந்தபோது செய்த சோதனையில் தேறிய குழந்தைக்கும் பிறகு குறை வரலாம். சளிக்குப் பின் நடுக்காதில் நீர் தங்கினால் வலியோ காய்ச்சலோ இல்லாமலே பல வாரம் கேட்கும் திறன் மங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் 'கவனிக்க மாட்டேங்குது' என்றுதான் தோன்றும்.

12 மாதத்தில் மழலையோ சுட்டலோ இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த வயதிலும், வந்த சொற்கள் போய்விட்டால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்ற சமாதானத்தால் வீணாகும் மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

போகும்போது மூன்று பட்டியல்கள் எழுதிக்கொண்டு போங்கள்: குழந்தைக்குப் புரிகிற சொற்கள், சொல்கிற சொற்கள், கையாலும் தலையாலும் காட்டுகிற சைகைகள். ஒவ்வொன்றும் எந்த மொழியில், எந்த மாதத்தில் தொடங்கியது என்று குறித்திருந்தால் நல்லது. இயல்பாக விளையாடும்போது எடுத்த 2 நிமிட வீடியோ ஒன்றும் போனில் இருக்கட்டும். புது இடத்தில், புது முகத்தின் முன்னால் பெரும்பாலான குழந்தைகள் வாயே திறக்காது.